குடும்பத்தோடு பைக் பயணம், சொல்லாமல் மாறும் வானிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடு பைக்கில் நெடுந்தூரம் போகிறோம் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் கேட்பது, "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" நாங்கள் மூவர், இரண்டு பைக். ஒன்றை நான் ஓட்டுவேன், இன்னொன்றை மனைவி ஓட்டுவார். மகள் எங்கள் இருவர் பின்னாலும் மாறி மாறி உட்காருவாள். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

எத்தனை நாள் முன்னதாகவே வானிலை முன்னறிவிப்பை நம்பலாம்?

ஐந்து நாள் வரை தாராளமாக நம்பலாம். ஏழு நாள் வரை ஓரளவு. பத்து நாளைத் தாண்டினால் பூவா தலையா கதைதான். அமெரிக்க வானிலை அமைப்பான நோவா சொல்லும் கணக்கும் இதுதான்: ஐந்து நாள் கணிப்பு சுமார் 90 சதவீதம் சரியாக வருகிறது, ஏழு நாள் கணிப்பு சுமார் 80 சதவீதம், பத்து நாளும் அதற்கு மேலும் போனால் பாதிக்குப் பாதி.

இது ஏன் என்று 1961-இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலை விஞ்ஞானிக்குத் தற்செயலாகப் புரிந்தது. கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்தவர், 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்துவிட்டார். முதலில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டின. அவ்வளவு சின்ன வித்தியாசமே இப்படிப் பெருகுமென்றால், இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தூறுமா என்று இன்றைக்கே பார்ப்பதில் அர்த்தமில்லை.

அதனால் நாங்கள் மாதக்கணக்கில் முன்னால் பார்ப்பது பருவத்தை மட்டும்தான். ஐந்து நாள் இருக்கும்போது எந்த வழி என்று முடிவு செய்வோம். முந்தின நாள் இரவு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பேசுவோம். கிளம்பும் காலையில் பார்க்க வேண்டியது, மழை இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் ரேடார் படம். அது அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் உதவும், ஆனால் அந்த நேரத்துக்கு அதைப்போல வேறொன்றில்லை.

"40% மழை" என்று போட்டிருக்கிறதே, போகலாமா?

நாளின் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்றோ, லேசான மழை என்றோ இதற்குப் பொருளில்லை. இதே மாதிரியான நிலைமை பத்து முறை வந்தால், நீங்கள் பார்க்கும் இடத்தில் நாலு முறை மழை விழும் என்பதே கணக்கு. எவ்வளவு பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. 80% என்று போட்டு அரை மணி நேரம் தூறிவிட்டுப் போகலாம், 30% என்று போட்டு ஒரே கொட்டாகக் கொட்டலாம். மில்லிமீட்டர் கணக்கையும் மணிவாரியான பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அது ஓர் இடத்துக்கான எண். நீங்கள் 200 கிலோமீட்டர் போகிறீர்கள். வழியில் எங்காவது நனைவதற்கான வாய்ப்பு எப்போதும் அந்த எண்ணைவிட அதிகம்தான்.

ஒரு ஆப் வெயில் என்கிறது, இன்னொன்று மழை என்கிறது. எதை நம்புவது?

வெவ்வேறு ஆப்கள் வானிலையைக் கணக்கிடும் வெவ்வேறு கணினி மாதிரிகளிலிருந்து எண்களை எடுக்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி ஒன்று, அமெரிக்க மாதிரி ஒன்று, இன்னும் சில. பெரிய மையங்கள் தொடக்க நிலையைத் துளித் துளி மாற்றி ஒரே கணிப்பைப் பல முறை ஓட்டிப் பார்க்கின்றன. ஐரோப்பிய மையம் ஐம்பது தடவை இப்படிச் செய்கிறது. எல்லாம் ஒரே பதிலைச் சொன்னால் நம்பிக்கை கூடும், சிதறினால் குறையும்.

ஆப்கள் ஒன்றோடொன்று முரண்படுவதே ஒரு தகவல். அன்றைய வானம் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன். பிடித்த பதிலைச் சொல்லும் ஆப் கிடைக்கும் வரை தேடுவது மட்டும் வேண்டாம். நானும் செய்திருக்கிறேன், நனைந்தும் இருக்கிறேன்.

தனியாகப் போவதற்கும் குடும்பத்தோடு போவதற்கும் வானிலை விஷயத்தில் என்ன பெரிய வித்தியாசம்?

ஓட்டுபவருக்கு வேலை இருக்கிறது. கை, கால், கண், மூளை எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால் குளிர் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். பின்னால் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதே மழை, அதே காற்று, ஆனால் உடம்பில் அசைவு கிடையாது. குழந்தையென்றால் இன்னும் மோசம். சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும்.

ஒரு பயணத்தில் தூறலில் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே இருந்தது. மகள் கிளம்பும்போது கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள், அப்புறம் அமைதியாகிவிட்டாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நிழற்குடையில் நிறுத்தினோம். ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனவள் விரல்களை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். தினமும் அவளே கழற்றும் கொக்கிதான். கட்டைவிரல் அதன்மேல் போய்ப் போய் வழுக்கியது. கிளவுஸைக் கழற்றிப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் வெளிறியிருந்தது, கிளவுஸைப் பிழிந்தால் தண்ணீர். "ஏம்மா சொல்லல?" என்றேன். "நீங்க நிறுத்துவீங்கன்னு நினைச்சேன்பா" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அளவுகோல் மாறிவிட்டது. "என்னால் ஓட்ட முடியுமா" என்று நான் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் மூவரில் அன்றைக்கு யார் சீக்கிரம் தளருவாரோ, அவரால் முடியுமா என்பதே கேள்வி. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பின்சீட்டுக்கு உண்டு. தோளில் இரண்டு தட்டு தட்டினால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் வண்டி நிற்கும். காரணம் கேட்கக்கூடாது என்பது மனைவி போட்ட விதி. நல்ல விதி. முதல் நாளில் மகள் அதைச் சோதித்துப் பார்க்கவே ஏழெட்டு முறை தட்டினாள் என்பது வேறு விஷயம்.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே போனால் அதை மருத்துவர்கள் ஆபத்தாகக் கருதுகிறார்கள். நடுக்கம், பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம் ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிம்மதியடையாதீர்கள். ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

அப்படியானால் திட்டத்தை எப்படித்தான் போடுவது?

பலரும் தேதியையும் ஊரையும் முதலில் முடிவு செய்துவிட்டு வானிலையைப் பிறகு பார்க்கிறார்கள். அறைக்குக் கட்டிய பணம் திரும்ப வராது, விடுப்பும் போட்டாயிற்று, பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்துதான் மனிதரை மழைக்குள் தள்ளுகின்றன. மழை அதன்பாட்டுக்குப் பெய்கிறது, அவசரம் நம்முடையது.

எனவே முதலில் அவசரத்தைக் குறையுங்கள். கடைசி நாள் வரை ரத்து செய்ய வழியுள்ள அறையை எடுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை. திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே வேலைக்கோ பள்ளிக்கோ போக வேண்டும் என்கிற நிலையில் பயணத்தை முடிக்காதீர்கள். நாலு நாள் பயணத்துக்கு ஒரு நாள் காலியாக இருக்கட்டும். வானம் நன்றாக இருந்தால் அந்த நாளில் சும்மா சுற்றலாம், இல்லையென்றால் அறையில் சீட்டாடலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நல்ல வானிலையை வைத்துக் கணக்கிடாதீர்கள். தனியாக ஓட்டும்போது ஒரு நாளில் போகும் தூரத்தில் பாதிதான் எங்கள் குடும்பக் கணக்கு. மழையென்றால் வேகம் குறையும், நிறுத்தங்கள் கூடும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டவே மூன்று பேருக்குக் கால் மணி நேரம் போய்விடும். பாதித் தூரம் என்றால் இதையெல்லாம் இருட்டுவதற்குள் தாங்கும்.

அப்புறம், வழியில் நின்று முடிவெடுக்க இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையமோ, சாலை பிரியும் ஊரோ, மலை ஏறத் தொடங்கும் அடிவாரமோ, எதுவாகவும் இருக்கலாம். அங்கே நின்று ரேடார் பார்ப்பது, எல்லோரையும் கேட்பது, போவதா தங்குவதா திரும்புவதா என்று தீர்மானிப்பது. எப்படியிருந்தால் திரும்புவோம் என்பதையும் வீட்டிலேயே பேசி வையுங்கள். இடி கேட்டால் மலை ஏறுவதில்லை, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்கிருந்தாலும் தங்கிவிடுவது என்பது போல. ஈரச்சட்டையோடு சாலையோரத்தில் நின்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பதாகவே இருக்கும்.

வழியில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

பிடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று: மழைக்கோட்டை மாட்டுவது. எதிரே வரும் வண்டிகளின் வைப்பர் ஓடுகிறதா, சாலை தூரத்தில் பளபளக்கிறதா, காற்று திடீரென்று குளிர்ந்ததா? அங்கேயே நிறுத்துங்கள். நனைந்த துணிமேல் மழைக்கோட்டைப் போடுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் வேலை.

ஷூவோடு மழைக் கால்சட்டையை மாட்டுவது ஒரு சர்க்கஸ். ஒற்றைக்காலில் நின்று, பைக்கைப் பிடித்து, பாதி வழியில் ஷூவின் அடி உள்துணியில் சிக்கி, கெட்ட வார்த்தை வாய்வரை வந்து, பிள்ளை பக்கத்தில் இருப்பதால் விழுங்கப்படும். இதற்கு வழி எளிது. ஷூமேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விடுங்கள், வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே பையை அடுத்த காலுக்கும், அடுத்த ஆளுக்கும் பயன்படுத்தலாம்.

பல நாள் காய்ந்த சாலையில் மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கழுவிப் போகாமல் மேலே மிதக்கும் நேரம் அது. டீ குடிக்க நல்ல நேரமும் அதுவே. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், ரயில் தண்டவாளம் ஆகியவை ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி. அவற்றின் மேல் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. காய்ந்த சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க சுமார் 53 மீட்டர் வேண்டும். அதில் 15 மீட்டர் நாம் சுதாரிப்பதற்குள் போய்விடும், மிச்சம் 38 மீட்டர் பிரேக்குக்கு. ஈரத்தில் பிரேக் தூரம் குறைந்தது இரட்டிப்பாகும். ஆக, 90 மீட்டரைத் தாண்டும். பின்னால் ஆளும் மூட்டையும் உள்ள பைக்குக்கு இதைவிடக் கூட இடம் விடுவதில் தப்பில்லை. முன்வண்டிக்கும் நமக்கும் நாலு விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னல் என்றால்? டயர் ரப்பர்தானே, காப்பாற்றாதா?

காப்பாற்றாது. மேகத்திலிருந்து தரை வரை காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்கு டயரின் ரப்பர் ஒரு தடையே இல்லை. காருக்குள் பாதுகாப்பு இருப்பதற்குக் காரணம் சுற்றியிருக்கும் உலோகக் கூடு. பைக்கில் அது கிடையாது.

மின்னலைப் பார்த்ததும் இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். மகளுக்கு இது பிடித்த விளையாட்டு, ஆனால் விளையாடும் இடம் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்து கிளம்புங்கள்.

வெயிலில் காற்று வாங்கிக்கொண்டு போகலாமே, அதிலென்ன பிரச்சினை?

ஒரு எல்லை வரை சரி. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் ஓடும் காற்று உடம்பைக் குளிர்விக்காது, வியர்வை ஆவியாவது மட்டுமே காப்பாற்றும். 40 டிகிரியில் சட்டையைத் திறந்துவிட்டு ஓட்டுவது அடுப்பு ஊதுகுழலுக்கு எதிரே உட்கார்வது போன்றது. வியர்வை தோலில் தங்காமலே காய்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்றும் தெரியாது. உள்சட்டையைத் தண்ணீரில் நனைத்து, மேலே ஜாக்கெட்டை ஓரளவு மூடி ஓட்டினால் ஆவியாதல் மெதுவாக நடந்து குளிர்ச்சி நீடிக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த புழுக்கமான நாளில் இந்த வித்தை அவ்வளவாக வேலை செய்யாது.

தாகம் எடுத்தால் குடிப்போம் என்று பிள்ளைகளை விடாதீர்கள். நிறுத்தத்துக்கு ஒரு முறை, கேட்காமலே கொடுங்கள். நாங்கள் வெயில் காலத்தில் விடிவதற்கு முன் கிளம்பி, பதினோரு மணிக்கெல்லாம் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவோம். தலைவலி, குமட்டல், எரிச்சல் என்று பின்சீட்டிலிருந்து எது வந்தாலும் நிழலில் நிறுத்துங்கள். எரிச்சலைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போட்ட அனுபவமும் எங்களுக்கு உண்டு.

மலைப் பாதைக்குத் தனியாக ஏதாவது யோசிக்க வேண்டுமா?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 25 டிகிரி என்றால் 2300 மீட்டர் மேலே பத்து டிகிரி. அதோடு ஓட்டத்தின் காற்றைச் சேருங்கள்: 10 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்றடித்தால் வெற்றுத்தோலுக்கு 4 டிகிரி போல இருக்கும். கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருந்தால் பயனில்லை, மேலே இருக்கட்டும்.

காலையில் வெயில் பட்டுச் சரிவுகள் சூடாகி, காற்று மேலெழுந்து, மதியத்துக்குள் மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டுவது மலைகளின் வழக்கம். கணவாயைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

காற்று பலமாக அடித்தால்?

முன்னறிவிப்பில் சராசரிக் காற்றைப் பார்க்காமல் திடீர் திடீரென்று அடிக்கும் வீச்சுக் காற்று எவ்வளவு என்று பாருங்கள், வண்டியைத் தள்ளுவது அதுதான். கைப்பேசி இல்லாமலும் கணிக்கலாம். இலையுள்ள சிறு மரங்கள் முழுதாக ஆடினால் காற்று மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். குடையைப் பிடிக்கத் திணறினால் 40-ஐத் தாண்டியிருக்கும். பெரிய மரங்களே ஆடினால் 50-க்கு மேல், அப்போது நாங்கள் ஓட்டுவதில்லை. பக்கப் பெட்டிகளும் பின்சீட்டு ஆளும் சேர்ந்து பைக்கைப் பாய்மரமாக்கிவிடும். லாரியைத் தாண்டும் கணத்தில் கவனம்: அதன் மறைவில் காற்று நின்று, தாண்டியதும் மொத்தமாக வந்து அறையும்.

பனிமூட்டம்?

காத்திருங்கள். வெயில் ஏறினால் பெரும்பாலும் கலைந்துவிடும். நடுவில் மாட்டிக்கொண்டால் டிம் லைட், குறைந்த வேகம். பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும்.

சாலையில் தண்ணீர் ஓடுகிறது. ஆழம் குறைவாகத்தான் தெரிகிறது, கடக்கலாமா?

வேண்டாம். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் பெரியவரையே விழத்தட்டும், 30 சென்டிமீட்டர் காரையே இழுத்துப் போகும். அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. முன்னால் ஒருவர் கடந்துபோனார் என்பதெல்லாம் ஒரு காரணமே அல்ல.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

மழைக்கோட்டு கால்சட்டையோடு, ஆளுக்கொன்று, கண்ணில் படும் நிறத்தில். நீளமாகத் தொங்கும் போஞ்சோ வேண்டாம், காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். உலர்ந்த கிளவுஸ் ஒரு ஜோடி கூடுதலாக. என் அனுபவத்தில் கூடுதல் சட்டையைவிட இதற்குத்தான் மதிப்பு. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசரின் உள்பக்கம் ஒட்டும் பின்லாக் மாதிரித் தகடு இருந்தால் மூச்சு படிந்து மறைக்காது. நீர் புகாத பையில் ஆளுக்கொரு முழு மாற்றுடை, சாக்ஸ் உட்பட. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, மழைக்காலப் பயணத்தில் அதை வீட்டில் விட்டுவிடலாம்.

கிளம்பும் முன் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். ஆள், மூட்டையோடு ஓட்டும்போது எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். பிள்ளையைப் பின்னால் ஏற்றும் வயது, உயரம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், போகும் இடத்தின் விதியைப் பாருங்கள். சட்டம் அனுமதித்தாலும், கால் ஃபுட்ரெஸ்ட்டில் பதியாத பிள்ளையை ஈரச்சாலையில் ஏற்ற மாட்டேன்.

ரத்து செய்தால் பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறதே?

வாடத்தான் செய்யும். நாங்கள் ஒருபோதும் ஒரே ஒரு திட்டத்தைச் சொல்வதில்லை. "மேற்கே தெளிவாக இருந்தால் அருவி, இல்லையென்றால் கிழக்கே கடல், இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்குள் கூடாரம்" என்று மூன்றாகச் சொல்வோம். ஐந்து நாள் முன்னாலிருந்து முன்னறிவிப்பைப் பார்த்துச் சொல்வது மகளின் வேலை. ரேடார் படத்தில் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே பார்த்து "வேணாம்பா" என்று சொல்லும் ரத்தில் அழுகை குறைவு. இரண்டு முறை கூடாரம் போட்டிருக்கிறோம். ஒரு முறை, நாங்கள் ரத்து செய்த அந்த நாள் முழுக்க வெயில் காய்ந்தது. அதுவும் நடக்கும்.

நனைந்து வீடு திரும்பியபின் பைக்கையும் சாமான்களையும் என்ன செய்ய?

அன்றே சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துரு பூக்கத் தொடங்கும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். மழைக்கோட்டை மடித்து வைக்காமல் தொங்கவிடுங்கள். கிளவுஸை வெயிலிலோ ஹீட்டர் மேலோ போட்டால் தோல் விறைத்துவிடும், நிழலில் காயட்டும். பெட்டியின் அடியைக் கடைசியில் ஒரு முறை தடவிப் பாருங்கள். போன தடவை ஒரு வாரம் கழித்துத்தான் ஒற்றை ஈர சாக்ஸைக் கண்டுபிடித்தோம், மூக்கை வைத்து.